சத்தம் கேட்கிறது, சொல் கேட்கவில்லை

சென்ற தீபாவளிக்கு முந்தின வாரம், என் பேத்தி அடுத்த அறையிலிருந்து குரல் கொடுத்தாள்: "தாத்தா, என் சட்டையை எடுத்துட்டு வாங்க." நான் மேஜை மேல் கிடந்த நோட்டுப் புத்தக அட்டையை எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். வீடே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அது ஏன் நடந்தது என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். "சட்டை" என்ற சொல்லில் "ச" என்னும் சீறும் ஓசை கழிந்துவிட்டால் மீதி "அட்டை"தான். அந்த ஓசை வந்து விழ வேண்டிய இடம் என் இரண்டு காதுகளிலும் பழுதாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன.

டிப்ளமா முடித்து 1981இல் ரயில்வேயில் சேர்ந்து, டீசல் ஷெட்டிலும் ஒர்க்‌ஷாப்பிலுமாக முப்பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். கண்ணுக்குக் கண்ணாடி, தலைக்கு ஹெல்மெட், காலுக்குப் பூட்ஸ் என்று எல்லாவற்றையும் கேட்டு வாங்கினோம். காதை மட்டும் யாரும் கேட்கவில்லை. நம் சங்கக் குடும்பங்களில் எஃகு ஆலையிலும் சணல் ஆலையிலும் ரயில்வேயிலும் வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். சிறு லேத் பட்டறை வைத்து நாலு பேருக்கு வேலை கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில், நான் படித்ததையும் பட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

காதுக்குள் என்ன நடக்கிறது?

வெளியிலிருந்து வரும் ஒலி செவிப்பறையைத் தட்டுகிறது. அந்த அதிர்வை மூன்று சிறு எலும்புகள் உள்ளே கடத்துகின்றன. உட்செவியில் நத்தைக்கூடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. காக்லியா என்பார்கள். அதற்குள் திரவமும், வரிசை வரிசையாக மயிர்ச்செல்களும் இருக்கின்றன. ஒரு காதுக்குச் சுமார் 15,000 செல்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அதிர்வை மின்துடிப்பாக மாற்றி மூளைக்கு அனுப்புவது இவைதான்.

பெருஞ்சத்தம் இந்தச் செல்களைக் களைக்க வைக்கிறது. நாற்று வயலில் பலத்த காற்று அடித்தால் பயிர் சாய்கிறது அல்லவா? ஒரு நாள் காற்று என்றால் மறுநாள் நிமிர்ந்துவிடும். தினந்தோறும் அடித்தால் சாய்ந்தது சாய்ந்ததுதான். ஷிப்டு முடிந்து வெளியே வரும்போது காது அடைத்தாற்போல் இருப்பதும், உள்ளே "ஙொய்" என்று ரீங்காரம் கேட்பதும் அந்தக் களைப்பின் அடையாளங்கள். காலையில் சரியாகிவிடுகிறது. அதனால் யாரும் பொருட்படுத்துவதில்லை. பல ஆண்டுகள் கழித்து ஒரு நாள் சரியாகாமல் நின்றுவிடும். பறவைகளுக்கு இந்த மயிர்ச்செல்கள் மறுபடி முளைக்கின்றன. மனிதனுக்கு முளைப்பதில்லை. மருந்தும் கிடையாது, அறுவைச் சிகிச்சையால் பழையபடி ஆக்கவும் முடியாது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. ஆலைச் சத்தம் எல்லாச் சுருதிகளையும் ஒரே சமயத்தில் கெடுப்பதில்லை. முதலில் 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில்தான் பள்ளம் விழுகிறது. ஆகவே வண்டிச் சத்தம், கதவு தட்டும் ஓசை, ஆண்குரல் எல்லாம் கேட்கும். உயிரெழுத்துகள் கேட்கும். "ச", "ஸ", "க", "த" போன்ற மெய்யோசைகள் மங்கும். நான்கு பேர் சேர்ந்து பேசும் இடத்தில் பேச்சு கேட்கும், விஷயம் புரியாது. "எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது, இந்தக் காலத்துப் பிள்ளைகள்தான் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள்" என்று நினைப்போம். நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்தேன்.

இது புதிய நோய் அல்ல

தொழில் நோய்களைப் பற்றி முதன்முதலில் விரிவான நூல் எழுதிய இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி, வெனிஸ் நகரத்துச் செம்புக் கொட்டர்கள் நாள் முழுதும் சுத்தியல் ஓசையில் இருந்து செவிடாகிப் போவதைக் குறித்து வைத்திருக்கிறார். அவர் நூல் 1700இல் வெளிவந்தது.

அடுத்து நீராவி யுகம். பாய்லர் தகடுகளை ஆணியடித்து இணைக்கும்போது ஒருவன் பாய்லருக்கு உள்ளேயே உட்கார்ந்து ஆணியின் மறுமுனையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். வெளியே விழும் ஒவ்வொரு அடியும் அவன் மண்டைக்குள் விழும். 1886இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தாமஸ் பார் என்ற செவி மருத்துவர், நூறு பாய்லர் தொழிலாளர், நூறு வார்ப்படத் தொழிலாளர், நூறு தபால்காரர் என்று மூன்று கூட்டத்தாரைச் சோதித்து ஒப்பிட்டார். அந்த நூறு பாய்லர்காரர்களில் ஒருவருக்குக்கூடக் காது முழுச் சரியாக இல்லை. "பாய்லர்காரன் காது" என்பதே ஒரு நோயின் பெயராகிவிட்டது.

ஆக, விஷயம் தெரிந்து நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. தெரிந்ததைச் செய்யாமல் விட்டவர்களில் நானும் ஒருவன். அதைப் பிறகு சொல்கிறேன்.

டெசிபல் கணக்கு

ஒலியை அளக்கும் டெசிபல், நாம் பழகிய மீட்டர், கிலோவைப் போன்றது அல்ல. இங்கே கூட்டல் வேறு விதம். ஓர் இயந்திரம் 90 டெசிபல் சத்தம் போடுகிறது. அதே போன்ற இன்னொன்றைப் பக்கத்தில் வைத்தால் 180 ஆகாது, 93தான் ஆகும். அதாவது மூன்று டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் இரு மடங்கு, பத்து ஏறினால் பத்து மடங்கு, இருபது ஏறினால் நூறு மடங்கு. "88க்கும் 91க்கும் என்ன பெரிய வித்தியாசம்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

சாதாரணப் பேச்சு ஏறத்தாழ 60 டெசிபல். நெரிசலான சாலை 80ஐ ஒட்டி வரும். தறிக்கூடம் 95க்கு மேல் போகும். காற்றழுத்த உளி 105ஐத் தாண்டும்.

காதுக்குக் கேடு என்பது சத்தத்தின் அளவை மட்டும் பொறுத்ததல்ல, அதில் எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்பதையும் பொறுத்தது. அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியாஷ் பரிந்துரைக்கும் வரம்பு, 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம். மூன்று டெசிபல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகும்:

85 டெசிபல் – 8 மணி
88 டெசிபல் – 4 மணி
91 டெசிபல் – 2 மணி
94 டெசிபல் – 1 மணி
97 டெசிபல் – 30 நிமிடம்
100 டெசிபல் – 15 நிமிடம்
106 டெசிபல் – நான்கு நிமிடம்கூட இல்லை

நம் நாட்டில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்று வரம்பு வைத்தன. ஐந்து டெசிபல் ஏறினால் நேரம் பாதி என்று கணக்கிட்டன. 90 என்பது சட்டத்தின் கோடு, உடம்பின் கோடு அல்ல. நியாஷ் 1998இல் வெளியிட்ட கணக்கின்படி, நாற்பது ஆண்டு 85 டெசிபலில் வேலை செய்தவர்களில் நூற்றுக்கு 8 பேருக்கு அந்த வேலையாலேயே செவி கெடும். 90 டெசிபல் என்றால் நூற்றுக்கு 25 பேர். நாலு பேரில் ஒருவர்!

மீட்டர் இல்லாதவர்களுக்கு ஓர் எளிய சோதனை: கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால், அந்த இடம் 85 டெசிபலை எட்டியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பிட்டரின் கதை

இனி என் சொந்தக் கதை. எந்த ஷெட் என்பது வேண்டாம், வங்காளத்துப் பக்கம் என்பது போதும். டீசல் இஞ்சினைப் பழுது பார்த்த பிறகு லோடு பாக்ஸ் சோதனை செய்வோம். வண்டி நின்ற இடத்திலேயே இருக்கும். இஞ்சின் மட்டும் எட்டாவது நாட்ச்சில் முழு வேகத்தில் ஓடும். உற்பத்தியாகும் மின்சாரத்தை மின்தடைகளில் வெப்பமாக்கி வெளியே விடுவோம். 16 சிலிண்டர், 2600 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 1000 சுற்று. அதன் மேல் டர்போவின் ஊளை. பக்கத்துக் கதவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கே கசிகிறது, எங்கே தட்டுகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு முறை இரவல் மீட்டர் ஒன்றைப் பிடித்துப் பார்த்தேன். 106 காட்டியது. மேலே உள்ள அட்டவணையைப் பாருங்கள். நான்கு நிமிடம் கூடாத இடத்தில் நாங்கள் இரண்டு மணி, மூன்று மணி நின்றோம்.

அங்கே ஒரு மூத்த பிட்டர் இருந்தார். எல்லோரும் "தாதா" என்று கூப்பிடுவோம். வங்காளத்தில் அது அண்ணன் என்று மரியாதையாகச் சொல்வது. இஞ்சின் சத்தத்தை வைத்தே எந்த சிலிண்டரில் கோளாறு என்று சொல்லிவிடுவார். 1993 சரஸ்வதி பூஜையன்று காலனிப் பந்தலில் அவர் மனைவி என்னிடம் வந்தார். "ஷெட்டில் ஏதாவது பிரச்சினையா? வீட்டில் நாங்கள் ஒன்று கேட்டால் பதில் சொல்வதில்லை. பிள்ளைகள் அப்பாவுக்கு நம் மேல் கோபம் என்று நினைக்கிறார்கள்" என்றார். நான் "வேலைக் களைப்பு, வேறொன்றும் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவருக்கு அப்போது வயது 46.

நான்கு மாதம் கழித்து, பக்கத்து லைனில் இஞ்சின் ஒன்றைப் பின்னுக்குத் தள்ளி வந்தார்கள். விசில் அடித்தார்கள். தாதா திரும்பவில்லை. ஒரு கலாசி ஓடிப்போய்ச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தான். அவ்வளவுதான் இடைவெளி.

அன்றே அவரை வெளியில் ஒரு செவி மருத்துவரிடம் கூட்டிப்போனேன். கூண்டுக்குள் உட்கார வைத்து ஆடியோகிராம் எடுத்தார்கள். 4000 ஹெர்ட்ஸில் இரண்டு காதிலும் கோடு செங்குத்தாகக் கீழே விழுந்து, 8000இல் சற்று மேலே ஏறியிருந்தது. சத்தத்தால் கெட்ட காது என்பதற்கு அந்தப் பள்ளமே கையெழுத்து என்றார் மருத்துவர்.

வெளியே வந்ததும் தாதா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இதைக் காகிதத்தில் கொண்டு வராதீர்கள், ஸாஹேப். மெடிக்கலில் டீகேடகரைஸ் பண்ணிவிடுவார்கள். மூத்தவளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறேன்." நான் கொண்டு வரவில்லை. சத்தம் குறைந்த டூல் ரூமுக்கு அவரைச் சத்தமில்லாமல் மாற்றினேன். லோடு பாக்ஸுக்கு வேறு ஒரு இளைஞனைப் போட்டேன்.

அப்போது அதைப் பெரிய உதவி என்று நினைத்தேன். ஒருவருக்கு அது உதவிதான். ஆனால் ஷெட் ரிஜிஸ்தரில் காது கெட்டவர் எண்ணிக்கை பூஜ்யமாகவே நின்றது. எண்ணிக்கை பூஜ்யம் என்றால் பணம் கேட்க முடியாது, சைலன்ஸர் கேட்க முடியாது, தனி அறை கேட்க முடியாது. இயர் மஃப் வாங்கினோம். அதுவும் என் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. "வழங்கப்பட்டது" என்ற பத்தியில் மாதாமாதம் கையெழுத்துப் போட்டவன் நான். நானே அணியவில்லை. மேஸ்திரி அணியாததைத் தொழிலாளி அணிவானா? கொடுத்தேன் என்பது வேறு, காத்தேன் என்பது வேறு என்று எனக்குப் புரிய இன்னும் சில ஆண்டுகள் ஆயின.

தாதாவின் பயம் அன்றைக்கு நியாயமானது. இன்று நிலைமை மாறியிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47ஆம் பிரிவும், அதன் இடத்தில் வந்த 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவும், பணிக்காலத்தில் ஊனமுற்ற அரசு ஊழியரை வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கின்றன. பழைய வேலைக்கு ஏற்றவர் அல்ல என்றால், அதே சம்பள விகிதத்தில் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். அரசு நிறுவனங்களில் இருக்கும் நம் பிள்ளைகள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். நோயை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை.

முதலில் இயந்திரம், பிறகுதான் காது

சத்தத்தைக் கட்டுப்படுத்த ஒரு வரிசை உண்டு. நம்மில் பலர் கடைசிப் படியிலிருந்து தொடங்குகிறோம்.

முதல் படி, சத்தம் பிறக்கும் இடம். சுத்தியலுக்குப் பதில் அழுத்தி வேலை செய்யும் பிரஸ், ஆணியடிப்பதற்குப் பதில் வெல்டிங் என்று முறையையே மாற்றலாம். ரயில்வே ஒர்க்‌ஷாப்களில் பாய்லர் ஷாப்பின் காது பிளக்கும் ஓசை போனது பெரும்பாலும் இப்படித்தான். புது இயந்திரம் வாங்கும்போது விலையோடு டெசிபலையும் எழுதிக் கேளுங்கள்.

இரண்டாவது, பராமரிப்பு. தேய்ந்த பேரிங், தளர்ந்த மூடி, எண்ணெய் காணாத கியர் இவையெல்லாம் கத்தும். காற்றுக் குழாய் வாயில் சைலன்ஸர் போட்டாலே பெரிய மாற்றம் தெரியும். இரும்புத் துண்டுகள் விழும் தொட்டிக்கு உள்ளே பழைய ரப்பர் விரிப்பு ஒட்டலாம். இவற்றுக்கு ஆகும் செலவு சொற்பம்.

மூன்றாவது, வழியில் தடுப்பது. கம்ப்ரஸரைப் பட்டறைக்கு வெளியே தனிக் கொட்டகையில் வையுங்கள். அதிரும் இயந்திரத்துக்கு அடியில் ரப்பர் மெத்தை கொடுங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். மூடிய கூடத்தில் சுவர்கள் திருப்பி அனுப்புவதால் அவ்வளவு குறையாது.

நான்காவது, ஆளைக் காப்பது. சத்தமான வேலையை ஆட்கள் குறைந்த நேரத்தில் வைக்கலாம், முறை மாற்றி ஆள் போடலாம், தேநீர் இடைவேளைக்கு அமைதியான இடம் ஒதுக்கலாம்.

இவ்வளவும் செய்த பிறகு மிஞ்சும் சத்தத்துக்குத்தான் காதடைப்பான்.

காதடைப்பானும் ஒரு கூட்டல் கழித்தலும்

பஞ்சை உருட்டிக் காதில் வைப்பதால் பயன் ஏறக்குறைய இல்லை. பாட்டுக் கேட்கும் இயர்ஃபோனும் பாதுகாப்புக் கருவி ஆகாது. இதற்கென்று உள்ள நுரை பிளக்கோ, காதை முழுதும் மூடும் மஃபோ வேண்டும். ஐ.எஸ். 9167 என்பது இதற்கான இந்தியத் தரநிர்ணயம்.

நுரை பிளக்கை அப்படியே திணிக்கக் கூடாது. சுத்தமான விரலால் மெல்லிய குச்சி போல் உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செலுத்தி, அது விரிந்து நிறையும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். சரியாகப் போட்டிருந்தால் நம் குரலே நமக்குக் குடத்துக்குள்ளிருந்து வருவது போல் கேட்கும். பொட்டலத்தில் எழுதியிருக்கும் எண் ஆய்வுக்கூடத்தில் கிடைத்தது. வேலை இடத்தில் பாதி கிடைத்தால் நல்லது.

இதைவிட முக்கியம், கழற்றாமல் இருப்பது. 100 டெசிபல் கூடத்தில் ஒருவர், 20 டெசிபல் குறைக்கும் பிளக் அணிகிறார். எட்டு மணி நேரமும் அணிந்தால் காதுக்கு 80தான் போகும். வியர்க்கிறது, பேச வேண்டும், காது அரிக்கிறது என்று மொத்தம் 48 நிமிடம் மட்டும் கழற்றுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தில் ஒரு பங்கு நேரம்தான். ஆனால் அந்த நேரத்தில் நூறு மடங்கு ஆற்றல் உள்ளே போய்விடுகிறது. நாள் முழுதுக்கும் கணக்கிட்டால், கிடைத்த பாதுகாப்பு பத்து டெசிபலுக்கும் குறைவு. பாதி நேரம் கழற்றியிருந்தால் வெறும் மூன்று டெசிபல். இருபது ரூபாய்க்கு வாங்கி மூன்று ரூபாய்க்கு விற்றது போல.

"பிளக் போட்டால் இஞ்சின் பேசுவது தெரியாதே" என்பார் தாதா. உண்மையில் பெருஞ்சத்தத்தில் காது திணறிப் போகிறது. கண் கூசும் வெயிலில் கறுப்புக் கண்ணாடி போட்டால் வழி நன்றாகத் தெரிவது போல, நல்ல காது உள்ளவருக்குப் பிளக் போட்டால் பக்கத்தில் இருப்பவர் சொல்வது கூடத் தெளிவாகும். இரண்டு வாரம் பழக வேண்டும்.

ஆனால் தண்டவாளத்தில் வேலை செய்பவர்கள் விஷயம் வேறு. ரயில் வரும் ஓசையை நம்பி அவர்கள் உயிர் இருக்கிறது. அறுப்பு இயந்திரத்தோடு வேலை செய்பவருக்குக் காதை அடைத்தால், அவர் காதாகவும் கண்ணாகவும் இருக்க லுக்‌ அவுட் ஆள் ஒருவரைத் தனியே நிறுத்தியாக வேண்டும். வேறு வேலை எதுவும் அவருக்குக் கொடுக்கக் கூடாது.

சோதனையும் சட்டமும்

வேலையில் சேரும் நாளிலேயே ஓர் ஆடியோகிராம் எடுத்து வீட்டில் பத்திரப்படுத்துங்கள். சத்தத்திலிருந்து 14 மணி நேரமாவது விலகி இருந்த பிறகு எடுப்பதுதான் சரியான முறை. பிறகு ஆண்டுக்கு ஒரு முறை எடுத்து, முதல் தாளோடு ஒப்பிட வேண்டும். பேச்சில் குறை தெரிவதற்குப் பல ஆண்டு முன்பே தாளில் பள்ளம் தெரிந்துவிடும். அப்போது மீதியைக் காப்பாற்றலாம்.

டொலுவீன் போன்ற பெயிண்ட் கரைப்பான்களும், கார்பன் மோனாக்சைடும் சத்தத்தோடு சேர்ந்தால் கேடு கூடும். ஜெண்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற ஊசி மருந்துகளும் காதைப் பாதிக்கக்கூடியவை. இவை போட வேண்டி வந்தால், "நான் சத்தத்தில் வேலை செய்பவன்" என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சத்தத்தால் வரும் செவி இழப்பு, 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில், அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாகவே இருந்தது. இழப்பீட்டுச் சட்டப் பட்டியலிலும் இடம்பெற்றது. இவற்றின் இடத்தில் வந்த 2020ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டங்களிலும் அந்தப் பட்டியல் தொடர்கிறது. குறிப்பிட்ட வகை ஊழியர்களுக்கு முதலாளி செலவில் ஆண்டு மருத்துவப் பரிசோதனை என்பதும் அதில் உண்டு. அந்தப் பரிசோதனையில் காதும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுப் பெறுவது நம் வேலை.

செவிச் சோதனைக்கு அரசு மருத்துவக் கல்லூரிகளில் வசதி இருக்கிறது. மைசூரில் அகில இந்தியப் பேச்சு, செவி நிறுவனம் 1965 முதல் இயங்குகிறது. மும்பை பாந்திராவில் அலி யாவர் ஜங் பெயரிலான தேசிய நிறுவனம் 1983 முதல் இருக்கிறது. அதன் கிளை கொல்கத்தாவிலும் உண்டு.

வீட்டுக்குள் வரும் சத்தம்

ஷெட்டுக்குப் போகாத பிள்ளைகளும் தப்பவில்லை. காதுக்குள் செருகும் இயர்ஃபோனுக்கு உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஓர் அளவு சொன்னது: பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி, குழந்தைகளுக்கு 75 டெசிபலில் 40 மணி. பூஜைப் பந்தல் ஒலிபெருக்கிக்கு முன்னால் குழந்தையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். நம் சங்க விழாக்களிலும் மைக்காரரிடம் சற்றுக் குறைக்கச் சொல்லலாம். பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்றால் இன்னொரு சிறு ஸ்பீக்கர் பின்னால் வைக்கட்டும். முன்வரிசைக் குழந்தைகளின் காதைப் பின்வரிசைக்காகப் பலி கொடுக்க வேண்டாம்.

காது மங்கிய பெரியவர் வீட்டில் இருந்தால் கத்திப் பேசாதீர்கள். கத்தினால் உயிரெழுத்துதான் பெருக்கும், மெய்யெழுத்து தெளியாது. டி.வி.யை நிறுத்திவிட்டு, வெளிச்சத்தில் முகத்துக்கு நேரே நின்று, நிதானமாகப் பேசுங்கள். செவிக்கருவி பழைய காதைத் திருப்பித் தராது. ஆனாலும் மிகவும் உதவும். மூக்குக் கண்ணாடிக்கு இல்லாத வெட்கம் இதற்கு எதற்கு?

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. நம் பேரப் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலம், தெருவில் வங்காளி, நண்பர்களிடம் இந்தி பேசுகிறார்கள். தமிழ் கேட்பது தாத்தா பாட்டியிடம்தான். இரண்டு முறை சொல்லியும் தாத்தாவுக்குப் புரியவில்லை என்றால், மூன்றாவது முறை குழந்தை "ஒண்ணுமில்லை தாத்தா" என்று போய்விடும். அந்த "ஒண்ணுமில்லை"யில் ஒரு கதை, ஒரு கேள்வி, ஒரு தமிழ்ச் சொல் போய்விடுகிறது. தாதாவின் வீட்டில் நடந்தது இதுதான். அவர் மனைவி என்னிடம் வந்து சொன்னதும் இதைத்தான். அன்று எனக்குக் காது நன்றாகக் கேட்டது, ஆனாலும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆகவே சங்கத்து அன்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். சத்தமுள்ள இடத்தில் வேலை செய்யும் மகனோ, மருமகனோ, மகளோ உங்கள் வீட்டில் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்காரும்போது மூன்று கேள்வி கேளுங்கள். வேலை முடிந்து வரும்போது காதில் ரீங்காரம் உண்டா? கைதொடும் தூரத்தில் கத்திப் பேச வேண்டியிருக்கிறதா? கடைசியாக ஆடியோகிராம் எடுத்தது எப்போது? பட்டறை வைத்திருப்பவர்கள் தங்கள் ஆட்களிடமும் இதையே கேளுங்கள். அவர்களும் யாரோ ஒரு குழந்தைக்கு அப்பாதான்.

நான் இப்போது இரண்டு காதிலும் கருவி போட்டிருக்கிறேன். இருந்தாலும் என் பேத்தி, என் முகத்தை நேரே பார்த்து, "தாத்தா, ச-ட்-டை" என்று நிறுத்திச் சொல்லப் பழகிவிட்டாள். ஏழு வயதுக் குழந்தைக்குத் தெரிந்த இந்த அக்கறை முப்பது ஆண்டுகளுக்கு முன் அந்த ஷெட்டில் எனக்கு இருந்திருக்க வேண்டும்.